குறைந்த விலைப்புள்ளி

அன்புள்ள மகனுக்கு,

இந்தக் கம்ப்யூட்டர் யாருக்கு என்று கடையில் என்னைக் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை. நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று எழுதப் பேனா தானாகப் போகிறது, ஆனால் அது எனக்குத் தெரிந்ததுதான். ஞாயிறுதோறும் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன்னோடு பேசும்போது நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று வருடமாக உன் குரல் எனக்கு அப்படித்தான் கிடைக்கிறது. இத்தனை ஞாயிறுகளில் ஒரு தடவைகூட அம்மா எங்கே என்று நீ கேட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னால் இவர் உங்கள் தராசை மாற்றிப் பாருங்கள் என்று அவரிடமே சொல்லிவிட்டு வருகிறார். சித்தி வேலையை விட்டுவிட்டாள், இப்போது எனக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் செய்கிறாள், வேலையில் இருந்தபோதே பரவாயில்லை. மாடி அறையில் மழைக்கு ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது, சுவரில் கறை மட்டும் போகவில்லை. அந்த அறையைத்தான் ஒழித்து வைத்திருக்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன்பு நீ அப்பாவிடம், லீவுக்குப் பத்து நாள் வருகிறேன் ஆனால் அவன் வீட்டில்தான் தங்குவேன், நம் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, எனக்கு வேலை இருக்கிறது என்று சொன்னாய். அவன் யாரென்று எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உன்னோடு சேர்ந்து அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கியவன். நீ சொன்னது சாக்காக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை, எதையும் சந்தேகப்படுவதற்குத்தான் பல்கலைக்கழகம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஆனாலும் காரணம் என்று ஒன்றை நீயே வாய்விட்டுச் சொல்லிவிட்டாய், அதைத் தீர்ப்பது என் கையால் ஆகிற காரியமாக இருந்தது. திங்கட்கிழமையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

வேதியியல் படித்தவள், இருபத்திரண்டு வருடமாக ஆய்வுக்கூடங்களுக்குக் கருவிகள் வாங்கிப் போடுகிறவள், இது என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். நாலு நாளில் தலை சுற்றிவிட்டது. இந்த பிராசசருக்கு அந்த மதர்போர்டு சேராது, அந்த மதர்போர்டு வாங்கினால் ராம் வேறு, கார்டு நீளமாக இருந்தால் கேபினட்டுக்குள் போகாது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதே தேவலை என்றார் அப்பா. ராம் பதினாறு ஜி.பி. வேண்டுமென்றால் ஒரே பதினாறாக வாங்காமல் இரண்டு எட்டாக வாங்க வேண்டுமாம், வேகம் அதில்தான் இருக்கிறதாம். நீ பதினைந்து வயதில் இதையே எனக்குச் சொல்லியிருக்கிறாய், சமையலறை வாசலில் நின்றுகொண்டு, இரண்டு கையிலும் இரண்டு தம்ளரை வைத்துக்கொண்டு. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிராபிக்ஸ் கார்டு புதிது கட்டுப்படியாகவில்லை, ஒரு வருடம் ஓடிய ஒன்றைக் கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். எனக்கு முன்னாலேயே உள்ளே திரும்பி யாரிடமோ, அந்தக் கேள்வி கேக்குற மேடம் வந்தாச்சு என்று சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

இனி எழுதுவதைத்தான் இரண்டு வாரமாக எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். செலவைக் குறைக்கலாமே என்று உன் பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். கழித்துக்கட்ட உத்தரவு வரும்வரை எதையும் தூக்கிப்போடாத ஆபீஸ் புத்தி எனக்கு, வீட்டில் அந்த உத்தரவு கொடுக்க ஆளில்லாததால் ஆறு வருடமாக அது அங்கேயே இருந்தது. பெட்டியாவது உதவுமா, உள்ளே கரண்டு பிரித்துக் கொடுக்கிற, எரிந்துபோன அந்த பவர் சப்ளையைப் பழுது பார்க்க முடியுமா என்று கேட்கக் கடைக்கு எடுத்துப்போனேன். கண்ணாடிக்காரர் பவர் சப்ளையை மட்டும் கழற்றி ஒரு கையில் தூக்கிப் பார்த்தார், இன்னொரு கையில் கடையிலிருந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். என்ன மேடம், இதுல கனமே இல்லையே, உள்ள என்னத்த வெச்சிருப்பான், இது எரிஞ்சா தனியா எரியாது, பக்கத்துல இருக்கிறதையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடும், தெரிஞ்சவங்க யாரும் இதைத் தொட மாட்டாங்களே, யாரு வாங்கினது என்றார். ஆபீஸில் வாங்கியது என்று சொன்னேன். கூசாமல் பொய் சொன்னேன். ராத்திரி பகலாக விளையாடியதால் எரிந்திருக்குமா என்று கேட்டேன். அதுக்கு விளையாடணும்னே அவசியம் இல்ல மேடம், சும்மா ஓடிக்கிட்டிருந்தாலே போதும், விளையாடினா எரியும்னா இந்தத் தெருவே எரிஞ்சிருக்கணும் என்று சிரித்தார். நான் நம்பவில்லை. ஒருவர் சொல்வதை வைத்து முடிவெடுக்கிற பழக்கம் எனக்கில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் இரண்டு கடை ஏறினேன், மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள்.

உனக்கு நினைவிருக்கும், ஆனாலும் நான் எழுதியாக வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் வாங்க நீ ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டாய். நான் ஆபீஸ் வழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கி வா, அப்புறம் பார்க்கலாம் என்றேன். கொள்முதல் கமிட்டி கூடிடுச்சுடா, தலைவி வந்தாச்சு என்று அப்பா கேலி செய்தார். நீ சலிக்காமல் பஸ் ஏறிப் போய் மூன்று மூன்றாக வாங்கிவந்தாய். நான் ஒவ்வொரு வரியிலும் குறைந்ததற்கு எதிரே டிக் போட்டேன். கார்டைக் குறைத்தபோது ஒன்றும் சொல்லவில்லை, ராமைக் குறைத்தபோதும் சரி என்றாய். பவர் சப்ளை வரும்போது மட்டும், அதுல மட்டும் கை வைக்காதீங்கம்மா என்றாய். எதுவானாலும் எழுத்தில் கொடு என்றேன், விளையாட்டாகத்தான் சொன்னேன். நீ ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாய், மற்ற எதை வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருக்கிறது. அதன் ஓரத்தில் நான் எழுதியதும் இருக்கிறது, குறைந்த விலைப்புள்ளியே ஏற்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டிருக்கிறேன். இப்போது அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அது எரிந்தது நீங்கள் இருவரும் செய்த விளையாட்டை, நீ சேர ஆசைப்பட்ட அந்தக் கல்லூரிக்கு அனுப்ப ஒன்பது நாள் இருக்கும்போது. இரண்டு வருட வேலை டிஸ்க்கோடு போய்விட்டது. நான் ஆபீஸிலிருந்து வந்து, விஷயம் தெரிந்ததும் சித்திக்குப் போன் செய்து, ஒரு வழியா பீடை ஒழிஞ்சுது, இனிமேலாவது படிப்பான் என்றேன். நீ கூடத்தில் இருந்தாய். அப்புறம் நான் வாங்கிக் கொடுத்த சீட்டில் சேர்ந்தாய், அது உனக்கு ஒத்துவரவில்லை, விட்டாய். வீட்டுக்கு யார் வந்தாலும், இவன் விளையாடியே கம்ப்யூட்டரை எரித்த மகாராஜன் என்று சொல்லிச் சிரிப்பு வாங்கினேன். நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பெட்டியும் கையுமாக வாசலில் நிற்கும்போது, ஒரு மெஷினை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவனை நம்பி எவன் வேலை குடுப்பான் என்றேன். சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அந்த ஒரு வார்த்தை. நான் வாங்கிய சாமான்தான் எரிந்தது. நீ எரிக்கவில்லை. அது உன் தவறு இல்லை என்று சொல்ல எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது, அதுவும் மூன்று கடைக்காரர்கள் சொன்ன பிறகு. வாங்கும் முன்பே நீ எழுத்தில் சொன்னபோது நம்பவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன், அதைக் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

இந்தத் தடவை பவர் சப்ளைக்கு விலைப்புள்ளி வாங்கவில்லை. நீ அன்று எழுதிக் கொடுத்த கம்பெனியிலேயே, நீ எழுதிய அளவிலேயே வாங்கினேன். கடையில் பூட்டித் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று வீட்டில் நானே பூட்டினேன், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மூன்று நாள். எல்லாம் முடித்துப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. அப்பா பின்பக்கம் குனிந்து பார்த்து, ரெண்டு ஓட்டை இருக்கே, நீ எதுல சொருகியிருக்கே என்றார். கார்டில் சொருக வேண்டிய திரை ஒயரை மதர்போர்டில் சொருகியிருந்தேன். மாற்றியதும் வெளிச்சம் வந்தது. இதைப் பார்த்து உன் மனம் மாறும் என்று நான் கணக்குப் போடவில்லை. நீ அவன் வீட்டில் தங்கினாலும் சரி, மெஷின் மாடியில் இருக்கும், வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ. நாளை நீ பேசும்போது இதை நானே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். சொல்ல வராமல் போனால் இந்தக் கடிதம் சொல்லட்டும்.

போன வாரம் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாயே, மாத்திரை போட்டுத் தள்ளிப்போடாதே, போய்க் காட்டு. குளிரில் நனைந்த சாக்ஸோடு வேலைக்கு நிற்காதே. எந்தக் கூரைக்குக் கீழே படுத்தாலும் உனக்கு நல்ல தூக்கம் வர வேண்டும், எடுத்த வேலை எல்லாம் கைகூட வேண்டும், உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

மறக்காமல் பல்லைக் காட்டு.

உன் அம்மா

ஞாயிறு. உறையை ஒட்டவில்லை, நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பாதி உனக்குத் தெரியும். நீ போன் செய்தாய், அப்பா முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் நடுவில் புகுந்து, எரிஞ்சது என்னாலதான், நான் வாங்கினதுதான் சரியில்லை என்று சொன்னேன். நினைத்து வைத்திருந்தது இன்னும் நிறைய, அவ்வளவுதான் வந்தது. நீ, தெரியும் என்றாய். அப்பா, மாடியில் மெஷின் தயாரா இருக்குடா, வீட்டுக்கே வந்துடேன் என்றதற்கு, பார்க்கலாம்ப்பா, ஷிப்டுக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டாய்.

உனக்குத் தெரியாதது அதன் பிறகு நடந்தது. அவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எரிந்த அன்று நான் வீடு திரும்புவதற்குள் நீ அதைக் கழற்றி உள்ளே கருகியிருந்ததை அவரிடம் காட்டினாயாம். இது அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினதுப்பா, தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, நான் ஓவரா ஓட்டினதாவே இருக்கட்டும் என்றாயாம். ஆறு வருடம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவன் விடலையே என்றார் அப்பா. போன வாரம்கூட, அம்மாவிடம் சொல்லிவிடவில்லையே என்று நான் குளிக்கப் போயிருந்தபோது கேட்டாயாம்.