செவ்வாய்க்கிழமை நாற்காலி

மார்ச் 2, ஞாயிறு

பட்டப்பகலில் தம்பி மாடிப்படியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். மேல் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு அவனைத் தாண்டி ஏறினார். "பரவால்லம்மா, பழகிடுச்சு" என்றார். அவருக்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.

மார்ச் 3, திங்கள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போது கை நழுவி ஒன்று பாழ். குடிப்பது அவன், தடுமாறுவது நான்.

கண்ணாடி மாற்ற வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டார். "லைப்ரரிக்குப் பின்னாடி மாடில, செவ்வாய்க்கிழமை சாயந்தரம் குடிய விட நினைக்கிறவங்க கூடுவாங்க. வீட்டு ஆளுங்களுக்கு வியாழக்கிழமை. நீங்க வியாழன் போங்க."

தம்பியிடம் சொன்னேன். "நான் என்ன குடிகாரனா?" என்று கேட்டான், சுவரைப் பிடித்துக்கொண்டு.

மார்ச் 4, செவ்வாய்

அவன் உட்காரப் போகிற இடம் எப்படி என்று முதலில் நானே பார்த்துவிட்டு வரலாம் என்று செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கே போய்விட்டேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டீ ஃப்ளாஸ்க், சுவரில் ஓர் அட்டை: 'இங்கே கேட்டதை இங்கேயே விட்டுச் செல்லவும்.' பஸ் ஓட்டுகிற பெரியவர் ஒருவர் டீயை நீட்டினார். "முதல் தடவையாம்மா? பேச வேண்டாம், கேட்டா போதும்."

நான் குடிப்பதில்லை, தம்பிக்காக வந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை நாளாயிற்று என் கையை யாராவது பிடித்து! அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது பொய்யா? வாயையே திறக்கவில்லையே.

மார்ச் 5, புதன்

நேற்று டிரைவர் சொன்னதைச் சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னேன். ஒரு காலத்தில் பஸ்ஸை நேரே சாராயக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாராம். கடைசி ஸ்டாப் என்று நினைத்து எல்லாரும் வரிசையாக இறங்கிப் போய்விட்டார்களாம். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா போனதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவே இல்லை.

அந்த அட்டை ஞாபகத்துக்கு வந்தது. வந்தால் வரட்டும். எனக்கு என் தம்பி வேண்டும்.

மார்ச் 25, செவ்வாய்

செவ்வாய்தோறும் போகிறேன். செவ்வாய் மட்டும் அவன் குடிக்காமல் எனக்காகக் காத்திருக்கிறான். "உங்க டிரைவர் இன்னிக்கு என்ன சொன்னார்?"

"நீயே வந்து கேளேன்டா."

"நீ சொன்னாதான்க்கா நல்லா இருக்கு."

ஏப்ரல் 15, செவ்வாய்

எப்படி எழுதுவேன் இதை.

"எப்பதாம்மா வாயைத் திறப்பீங்க?" என்று டிரைவர் கேலி செய்தார். எழுந்து நின்றேன். என் தம்பி என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். 'நான்' என்று வந்துவிட்டது. "அம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்ப நான் மருந்து வாங்கப் போனேன். வழியில குடிச்சிட்டு உக்காந்துட்டேன். திரும்பி வந்தப்ப கட்டில் காலியா இருந்துச்சு." சொல்லிவிட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவளும் அழுதாள்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் தம்பி. குளித்து, தலை சீவி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு தானாகவே வந்திருந்தான். அது யாருடைய கதை என்று அங்கே அவனுக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி இறங்கிப் போய்விட்டான்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்னும் வரவில்லை. எங்கடா போன? அக்காவத் திட்டவாவது வாடா.

ஏப்ரல் 22, செவ்வாய்

டிரைவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டீ ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். "நீங்க இங்க உக்காந்திருந்தா, அவரு எங்கம்மா உக்காருவாரு?"

மே 8, வியாழன்

வியாழக்கிழமைக் கூட்டம். அதே நாற்காலி, அதே ஃப்ளாஸ்க். என் முறை வந்தபோது, "எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்றேன். இருக்கிறானா என்று எனக்கே தெரியாது.

மே 20, செவ்வாய்

டிரைவரின் பஸ்ஸில் ஏறினேன். "எங்க தம்பிய எங்கயாவது பாத்தீங்களா?"

"ரோட்டப் பாத்து ஓட்டணும்மா. பேச்சுக் குடுக்காதீங்க" என்றார். அவரா இப்படி? வீட்டுக்கு வரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

தம்பி வந்தான். இளைத்திருந்தான், ஆனால் கண் தெளிந்திருந்தது. துணிமணிகளை எடுத்துப்போக வந்தானாம். டிரைவர் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறான், டிப்போவில் பஸ் கழுவுகிறான்.

"இங்கயே இருடா. உன் ரூம் அப்படியேதான் கிடக்கு."

"இல்லக்கா. எல்லாத்தையும் எனக்காக நீயே செஞ்சிடுற. அழ வேண்டியதக்கூட நீயே அழுதுட்ட. அப்புறம் நான் என்ன பண்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டைகளை மடிக்கப் போனேன். என் கையிலிருந்து வாங்கித் தானே மடித்தான், கோணலும் மாணலுமாக.

இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டுமே என்று, "உங்க டிரைவர் இந்த வாரம் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

சிரித்தான். பஸ் கதைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"அங்க கேட்டத வெளில சொல்லக் கூடாதுக்கா."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நல்லா இருக்கட்டும். எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும். அவன் தூங்கிக் கிடந்த படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மேல் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு வந்தார். என்னைத் தாண்டாமல், நான் எழுந்திருக்கும்வரை கீழேயே நின்றார்.