பாலூற்றிய பைக்

புளித்த பால் நாற்றம். முதலில் டீக்கடைச் சாக்கடை என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் உன் பைக்கிலிருந்து வருகிறது. டேங்கில் வழிந்த பால், ஹேண்டில் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் அந்த ஸ்டீயரிங் டேம்பர் தண்டில் காய்ந்து, சாமந்தி இதழ் ஒட்டி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. நீ பனியன் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த தண்டு. 

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்காக ஊர்ப் பையன்கள் வண்டிக்குப் பாலாபிஷேகம் செய்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃப்ளெக்ஸ் வேறு. கூலிங் கிளாஸோடு நீ, பின்னால் தீ எரிகிறது, கீழே ‘வேகத்தின் வேந்தன்’. மஞ்சள் காமாலையில் படுத்துச் செத்தவன் நீ. குருவிகுளம் ரோட்டில் மினி பஸ்ஸுக்குக் கைகாட்டி வழி விடுகிறவன். அந்த ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு ஒருவர் என்னிடம், “இந்த வண்டிய வாங்காம இருந்தா பய இன்னும் இருந்திருப்பான்” என்றார். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று கடைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

வண்டியை என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தவன் உன் மச்சினன். நினைவு நாளன்று பையன்கள் பைக்கில் ஊர்வலம் போகிறார்களாம். முன்னால் இவன், உன் வண்டியில். ஒரு கையில் ஹேண்டில், மறு கையில் மாலை போட்ட உன் படம்.

“டேம்பர நானே கடைசி வரைக்கும் முறுக்கிட்டேன் அண்ணாச்சி. இனி ஹேண்டிலு ஆடாதுல்லா, ஒத்தக் கைல ஓட்டிருவேன். நீங்க சைலன்சர மட்டும் கழட்டி விடுங்க. ரத வீதி பூரா சத்தம் கேக்கணும்.”

அந்த டேம்பரை நாம் திருகிச் சரிசெய்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. மேலநீலிதநல்லூர் போகிற வழியில் ஹேண்டில் நடுங்குகிறது என்று வந்தாய். டேம்பர் திருகை இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றேன். நீ விடவில்லை. “ஏலே, ஆட்டம் எங்கன இருந்து வருதுன்னு மொதல்ல பாரு. டேம்பரு வலி மாத்திர மாதிரிதாம்லே, வைத்தியம் இல்ல.” டயரில் காற்றைப் பார்த்தோம். சரியாக இருந்தது. ஹேண்டிலைத் தாங்குகிற கோன் செட்தான் லூசாகியிருந்தது. அதை மாற்றிய பிறகு டேம்பரை முழுக்கத் தளர்த்தி, கொஞ்சம் திருகி, ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து, மறுபடி கொஞ்சம் திருகினாய். பசியில் எனக்கு எரிச்சல். “பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலியேலே” என்றேன். நீ சிரித்துக்கொண்டே, “ரோடு சொல்லுதது கைக்குக் கேக்கணும்லே” என்றாய்.

இதையெல்லாம் உன் மச்சினனிடம் சொன்னேன். இவ்வளவு இறுக்கினால் முக்குத் திரும்பும்போது ஹேண்டில் கையோடு வராது என்றேன்.

“மெதுவாத்தான அண்ணாச்சி போவோம்?”

“மெதுவாப் போனாத்தாம்லே விழுவ.”

அவன் கேட்கவில்லை. உன் படத்துக்குப் பதில் டீக்கடைத் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, “இப்ப ஓட்டுதேன், பாருங்க” என்று எதிர்த்த காலி மனைக்குள் வண்டியை விட்டான். எனக்கு அவன் அக்கா முகம்தான் கண்ணில் வந்தது. உன்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இந்தத் தம்பி ஒருவனை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். நான் பின்னாலேயே ஓடினேன். நேராகப் போகிறவரை சரி. திரும்புகிற இடத்தில் ஹேண்டில் உரல் மாதிரி கனத்தது. ஒரு கையால் தள்ள முடியவில்லை. வண்டி சரிந்து, அவனும் விழுந்தான். தட்டு உருண்டு ஓடியது.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், கையில் போனோடு. ஒருவனும் அவனைத் தூக்கவில்லை, படம்தான் பிடித்தார்கள். அன்று மனுஷ ஜென்மமே எனக்கு அருவருத்துப் போயிற்று.

நான்தான் தூக்கிவிட்டேன். முட்டியில் தோல் கிழிந்திருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. மண்ணைத் தட்டாமலே கேட்டான்:

“அத்தான் இத எப்படி அண்ணாச்சி ஓட்டுனாவ?”

“ரெண்டு கையாலயும்லே.”

அங்கேயே உட்கார்ந்து அழுதான். பால் ஊற்றியபோது வராத அழுகை. அதற்குப் பிறகு அவன் மேல் எனக்குக் கோபமில்லை. மற்றவர்கள் மேல் இருப்பது இருக்கட்டும்.

சைலன்சரை நான் கழற்றவில்லை. வண்டியைக் கழுவி, டேம்பரை முழுக்கத் தளர்த்தி, நீ செய்த மாதிரியே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வைத்தேன். தண்டில் வாடை இன்னும் போகவில்லை. தினமும் துடைக்கிறேன்.

ஊர்வலம் நடக்கத்தான் போகிறது, அதை நிறுத்த என்னால் ஆகாது. படத்தை நான் ஆட்டோவில் மடியில் வைத்து எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கூலிங் கிளாஸ் படம் இல்லை. கோன் செட் மாற்றிய அன்று விளையாட்டாக நான் எடுத்தது. குனிந்திருப்பதால் உன் முகம் பாதிதான் தெரியும். கிரீஸ் அப்பிய கை இரண்டும் ஹேண்டிலைப் பிடித்திருக்கும்.