கேள்வியை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை

சார், கோடை லீவு முடிந்து இன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் லேபைத் திறந்தார்கள். ஏ.சி.யைப் போட்டதும் அந்த வாடை வந்தது. ஈரத் துணியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி ஒரு வாடை. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். எனக்கு மட்டும் வாசலிலேயே கால் நின்றுவிட்டது. முன்பெல்லாம் ஒயரைக் கையில் பிடித்தபடி உள்ளேயிருந்து நீங்கள் எட்டிப் பார்ப்பீர்கள். "வாங்க டீச்சர், செருப்ப கழட்டிட்டு வாங்க, உள்ள சாமி இருக்கு" என்று சீண்டுவீர்கள். இனி யார் என்னை அப்படிச் சீண்டப் போகிறார்கள்?

புதிதாக இன்னொன்று வந்திருக்கிறது. விடைத்தாளைப் போனில் படம் பிடித்தால் போதுமாம், அதுவே திருத்தி மார்க் போட்டுவிடுமாம். எந்தப் பிள்ளைக்கு எது வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுமாம். பெரம்பலூரில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். போண்டா நன்றாக இருந்தது. மற்றதை நான் நம்பவில்லை.

நான் எப்போதுமே இப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா? சுவரில் ஸ்மார்ட் போர்டை மாட்டிய அன்றே, "நமக்கு உலை வைக்கத்தான் இது வந்திருக்கு" என்றேன். அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருந்த கணக்கு சாரான நீங்கள் ஆசையாக லேப் பொறுப்பை வாங்கிக்கொண்டபோது, உங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆபீசில் நல்ல பேர் வாங்க ஆடுகிறார் என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னேன். அது உங்கள் காதுக்கும் போயிற்று. மறுநாள் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து வைத்துவிட்டு, "ஆடுறேன்ல, தாளமாச்சும் போடுங்க டீச்சர்" என்றீர்கள். அதற்கப்புறம் எப்படி ஐயா சண்டை போடுவது?

மலர்க்கொடி விஷயம் வந்தது அந்த வருஷம்தான். நான் வகுப்பாசிரியையாக இருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. எறையூர்ப் பக்கத்துக் கரும்பு வெட்டுகிற குடும்பம். சீசன் வந்தால் அப்பாவும் அம்மாவும் கூட்டத்தோடு வெளியூர் கிளம்பிவிடுவார்கள். இவளையும் கூட்டிப் போனால் மாதக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது. அப்படியும் பரீட்சையில் முதல் வரிசையில் இருப்பாள். டவுனில் தங்கிப் படிக்கிற அரசுப் பள்ளிக்கு அவளை அனுப்பிவிட்டால் போதும், படிப்பு நிற்காது என்று நாம் இரண்டு பேருமே நினைத்தோம். நாம் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அந்தப் பள்ளியில் இடம் கொடுக்க லேபில் நடக்கிற தேர்வு மார்க்கைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். முதல் தேர்வில் மலர்க்கொடிக்கு முட்டை. அடுத்ததிலும் முட்டை. அவள் பெயருக்கு எதிரே சிவப்பு நிறம். அடிப்படைப் பயிற்சி தேவையாம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களோடு அவளையும் உட்கார வைக்கச் சொல்லிவிட்டது மிஷின்.

"இதுக்குத்தான் தலபாடா அடிச்சிக்கிட்டேன்" என்று உங்களிடம் குதித்தேன். எச்.எம். கையை விரித்தார். "சிஸ்டம் சொல்லுது டீச்சர், நான் என்ன பண்றது? இன்னும் ஒரு டெஸ்ட் இருக்கு, அதுல எடுத்தா பாப்போம்" என்றார். நீங்கள் மிஷினுக்குப் பரிந்து பேசப் போகிறீர்கள் என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "எனக்கும் நம்பிக்கை இல்ல டீச்சர். ஆனா இங்க நின்னு சந்தேகப்பட்டா தெரியாது. பக்கத்துல போயி ஒக்காந்து பாக்கணும்."

மறுநாள் பயிற்சித் தேர்வு ஒன்று வைத்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நான் பின்னால் நின்றேன். திரையில் கேள்வி வந்தது. மலர்க்கொடி பேனாவை எடுத்தாள். தாளில் மார்ஜின் போட்டாள். கேள்வி எண் எழுதினாள். கேள்வியை ஒரு வார்த்தை விடாமல் பார்த்து எழுதி, அடிக்கோடும் போட்டாள். தலையை நிமிர்த்தி விடையைத் தட்டப் போனால் நேரம் முடிந்து திரையில் அடுத்த கேள்வி வந்து நின்றது. அவள் அதையும் எழுத ஆரம்பித்தாள்.

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கேள்வியை முழுசாக எழுதிவிட்டுத்தான் பதில் எழுத வேண்டும் என்பது நம் பள்ளிக்கூடத்தில் சட்டம். கொண்டு வந்தது நான். இன்றைக்கும் அது தப்பென்று சொல்ல மாட்டேன். என்ன கேட்கிறார்கள் என்று கையால் எழுதினால்தான் மண்டையில் ஏறும். மற்ற பிள்ளைகள் லேபுக்குள் வந்தவுடனே என் சட்டத்தைக் காற்றில் விட்டுவிட்டுத் தோன்றியதைத் தட்டி மார்க் வாங்கியிருக்கிறார்கள். சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே பிள்ளைக்கு முட்டை.

"இங்க எழுத வேணாம்மா, பாத்து தட்டிடு" என்று நீங்கள் சொன்னீர்கள். அவள் உங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "எழுதாட்டி டீச்சர் மார்க் கொறைச்சிடுவாங்க சார்" என்றாள். நீங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்களே உத்தரவு போடுங்க டீச்சர்" என்றீர்கள். நானும் போட்டேன். "இந்த ரூமுக்குள்ள மட்டும் எழுத வேணாம். வெளிய வந்தா எழுதணும்."

அவள் கை கேட்கவில்லை. உத்தரவு போட்ட பிறகும் பேனாவைத் தேடியது. ஒரு வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவளை உட்கார வைத்துப் பழக்கினீர்கள். உங்கள் புளிசோறு டப்பாவிலேயே ஆறிக் கிடக்கும். மூன்றாவது தேர்வில் நம் பள்ளியிலேயே அவள்தான் முதல். இடம் கிடைத்தது. அவள் அப்பா கரும்பு லோடு டிராக்டரிலேயே பெட்டியை ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார்.

போன மார்கழியில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி, திருச்சிக்குக் கொண்டு போகிற வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை சார்.

இப்போது காலேஜில் படிக்கிற மலர்க்கொடி பொங்கல் கழித்துப் பள்ளி திறந்ததும் பார்க்க வந்தாள். "சார் எங்க டீச்சர்?" என்றாள். அவளுக்கு யாருமே சொல்லவில்லை. நான் சொன்னேன். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கு சார் நாற்காலிய இழுத்துக்கிட்டு வந்தப்ப, நான் காப்பி அடிக்கிறனான்னு புடிக்கத்தான் வர்றாருன்னு நெனச்சேன் டீச்சர். அதுக்கு முன்னாடி யாரும் வேற எதுக்கும் என் பக்கத்துல வந்து ஒக்காந்ததே இல்ல."

மிஷினை நான் சந்தேகப்பட்டேன், உங்களைச் சந்தேகப்பட்டேன். அந்தப் பிள்ளை நம் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு அங்கே தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

இன்றைக்கு விடைத்தாள் திருத்துகிற அந்தப் புது மிஷின் நம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சிவப்பு போட்டது. மிஷின் சொல்வது சரியாகவே இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே வகுத்தல் வராமல் இருக்கலாம். எனக்குத் தெரியாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு லேபுக்குள் போய் அந்தப் பிள்ளை பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்தேன். சத்தம் கேட்டதுமே பிள்ளையின் தோள் சுருங்கியது. உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன் சார்: "பயப்படாத கண்ணு. ஒன்னைய புடிக்க வரல. மிஷினத்தான் பாக்க வந்தேன்."