ஆறு வருடத்துக்கு ஆதாரம்

பியூலாவுக்கு,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். உன் மாணவர் விசா ஃபைல் தாம்பரம் கன்சல்டன்ட்டிடம் அப்படியே கிடக்கிறது. கல்லூரி முடித்த பிறகு ஆறு வருடம் என்ன செய்தாய் என்பதற்கு ஆதாரம் இல்லாமல் நகராதாம். அந்த ஆள் அன்றைக்கு நம் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டதும் இதைத்தான். "சும்மா வீட்லதான் சார் இருந்தா" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்! அதற்குப் போய் மாடம்பாக்கத்துக்கு, உன் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவதா?

ஆதாரம், ஆதாரம் என்று அந்த ஆள் உயிரை எடுக்கிறார். இன்று பீரோவைக் குடைந்தேன். என் அம்மா படுக்கையில் கிடந்த அந்த ஆறு வருடத்து ஆஸ்பத்திரிச் சீட்டுகள்தான் கிடைத்தன. மொத்தம் பதினான்கு தடவை சேர்த்திருக்கிறோம். 'உடனிருப்பவர் கையெழுத்து' என்ற இடத்தில் பதினான்கிலும் உன் கையெழுத்து. என்னுடையது ஒன்றாவது இருக்கும் என்று இரண்டு முறை புரட்டிப் பார்த்தேன்.

கன்சல்டன்ட்டிடம் கொண்டுபோய் நீட்டினேன். "இவ்ளோ நல்ல ப்ரூஃபை வெச்சுக்கிட்டு ஏன் சார் சும்மா இருந்தாங்கன்னு சொன்னீங்க?" என்றார்.

விண்ணப்பத்தில் உன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வந்து போட்டுவிடு.

இப்படிக்கு,
சும்மா இருந்தவன்