காளவாய் இல்லாத சம்பந்தி வீடு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
8-7-1969

சிரஞ்சீவி குமாரவேலுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம், தறியும் ஓடுகிறது, நீயும் மருமகள் சம்பூர்ணமும் பிலாயில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. முதல் பக்கம் பிரமாதம். இரும்பாலை கேன்டீனில் பஞ்சாபிக்காரர், வங்காளத்துக்காரர், சாயபு எல்லோரோடும் ஒரே மேசையில் சாப்பிடுகிறேன், மனிதரில் என்ன பேதம், நீங்களெல்லாம் எப்போது திருந்தப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தைத் திருப்பினால் வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது. உன் தங்கை மங்கை, பள்ளிக்கூடத்தில் தன்கூட வேலை பார்க்கும் ஜீவந்தரன் வாத்தியாரைக் கட்டிக்கொள்ளக் கூடாதாம், அவர்கள் சமணராம், அப்பர் சுவாமியைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டவர்களாம், நீ உன் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பதாம். எந்தக் காலத்துச் சண்டையப்பா அது? போன வாரம் திருப்பருத்திக்குன்றத்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உனக்காகவே பின்கட்டு வரைக்கும் போய்ப் பார்த்தேன், காளவாய் ஒன்றும் இல்லை. இரண்டு எருமை, ஒரு விறகடுப்பு, அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா மதனவதி, எறும்பு இருக்கிறதா என்று விறகைத் தட்டித் தட்டிப் பார்த்து அடுப்பில் வைக்கிற மனுஷி. உன்னைப் பிடித்துக் காளவாயில் போடுவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

உன் அப்பாவும் உனக்கு இளைத்தவர் இல்லை. பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று, விளக்கு வைத்த பிறகு ஜோராக இலை போடச் சொன்னார். வந்தவர்கள், இருட்டிப் போச்சுங்க, மன்னிச்சுக்கணும் என்று கும்பிட்டுவிட்டு எழுந்துகொண்டார்கள். தண்ணீர்கூடத் தொடவில்லை. அவ்வளவுதான், நம்ம வூட்ல கை நனைச்சா அவங்களுக்குத் தீட்டாமா, என்னா திமிரு பாத்தியா என்று தெருவெல்லாம் கேட்கக் குதித்தார், இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றார். மறுநாள் ஜீவந்தரனே வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது, பொழுது சாய்ந்தால் அவர்கள் தங்கள் வீட்டிலேயே சாப்பிடுவதில்லையாம், பூச்சி பொட்டு விழுந்து செத்துவிடுமே என்று. சைக்கிள் மிதிக்கிற தூரத்தில் இருக்கிறவர்கள், நாம் ஒருநாள் கேட்டதில்லை. நம்மை மட்டமாக நினைக்கிறார்கள் என்று முடிவு கட்ட மட்டும் உன் அப்பாவுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது சம்மதம் சொல்லிவிட்டார். அவர்கள் வருகிற நாளில் மத்தியானமே, பொழுது போகுது, அடுப்ப மூட்டு என்று என் உயிரை எடுக்கிறார்.

ஆவணியில் கல்யாணம். பெண் கையில் பொரியிட அண்ணன் வேண்டும். பக்கத்து வீட்டு வீரபத்திரன், தெலுங்கு பேசுகிறவர், நம்ம ஜாதியும் இல்லை, குமாரவேலு வரலைன்னா நான் போடறேன் அக்கா, எனக்கும் அவ தங்கச்சிதானே என்று சொல்லிவிட்டார். அதனால் மணவறையில் உனக்காக ஒன்றும் நின்றுபோகாது. மங்கைதான் வேண்டாம் என்கிறாள், எங்க அண்ணன் வந்துடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அங்கே மழை பிடித்திருக்கும், காலில் சேற்றுப்புண் வராமல் பார்த்துக்கொள். சம்பூர்ணத்துக்கு என் ஆசி. வருவதானால் ரயிலுக்கு இப்போதே டிக்கெட் எடுத்துவிடு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். உன் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டியவள் மங்கை. இரண்டாம் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். அவள்தான் படிப்பாள் என்று தெரிந்துதானே எழுதினாய்? இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். எழுத்து அங்கங்கே கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்று வேண்டும்
அம்மா,
தில்லையம்மாள்