விட்ட ரீல்

மரியே வாழ்க
பள்ளத்தூர்
12.1.1997

திரு. லூர்து பிரகாஷ் அவர்களுக்கு,

ஆறு வருடத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரிக்க எழுதவில்லை. சண்டை போட எழுதுகிறேன்.

இந்த வார சினிமா இதழின் வாசகர் பக்கத்தில், திருவல்லிக்கேணி மேன்ஷன் முகவரியோடு உங்கள் பெயரைப் பார்த்தேன். 'ஈரக்கோள்' ஆங்கிலப் படத்தின் நான்காம் பாகத்தை எடுக்க முதல் பாகத்தின் டைரக்டரே திரும்பி வருகிறார் என்று அரைப் பக்கம் குதித்திருக்கிறீர்கள். திருப்பத்தூர் ஹரிகிருஷ்ணன் என்ற வாசகர் அதற்குக் கீழேயே உங்களைக் கிழித்திருக்கிறார். நானும் அவர் கட்சிதான்.

முதல் படத்தை எடுத்துவிட்டுப் போன மனிதர் பதினெட்டு வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் பாகத்தில் வேறொருவர் வந்து பீரங்கியாகச் சுட்டுத் தள்ளினார். மூன்றாம் பாகத்தில் அந்த ஜந்துவைக் காமெடியனாக்கினார்கள். அப்போதெல்லாம் இவர் எங்கே போயிருந்தார்? எழுபது வயதில், எடுத்த மற்ற படங்களெல்லாம் படுத்த பிறகு, பழைய வீட்டின் ஞாபகம் வந்திருக்கிறது. போனவர் போனவராகவே இருக்கட்டும்.

இன்னொன்று. உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட வரும் அந்த ஜந்துவுக்கு 'ஈரப்பய' என்று காரைக்குடி தியேட்டரில் நீங்கள் பெயர் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் சொன்னது நான். கல்யாணத்துக்கு முன்பு உங்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்னேன்.

கிறிஸ்டி


சென்னை-5
19.1.1997

அன்பு கிறிஸ்டி,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மேன்ஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டாவது வந்ததே.

பெயர் வைத்தது நீதான். இதழுக்குத் திருத்தம் எழுதிப் போட்டுவிட்டேன்.

ஆனால் டைரக்டர் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் படத்தில் அந்த விஞ்ஞானி தன் மனைவியை விண்கப்பலிலேயே விட்டுவிட்டு ஓடிவிடுகிறான் அல்லவா? ஏன் ஓடினான் என்று அந்தப் படம் சொல்லவில்லை. அடுத்து வந்த இரண்டு பேருக்கும் அப்படி ஒருவன் இருந்த நினைவே இல்லை. அவர்களுக்குச் சுடத்தான் தெரிந்தது. அந்தக் கணக்கைத் தீர்க்க அதை ஆரம்பித்தவரால்தான் முடியும். தாமதமாக வருகிறார், உண்மைதான். அதற்காக வரவே கூடாதா?

அத்தை எப்படி இருக்கிறார்கள்? நீ இப்போது எந்த வகுப்பு எடுக்கிறாய்? உன்னை வந்து பார்க்கலாமா என்று கேட்கத் தைரியம் இல்லை. கேட்டதாகவே வைத்துக்கொள்.

பிரகாஷ்


மரியே வாழ்க
பள்ளத்தூர்
2.2.1997

அன்புள்ள உங்களுக்கு,

எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். அம்மா போன தவக்காலத்தில் இறந்துவிட்டார்கள். சொல்லி அனுப்ப உங்கள் முகவரி இல்லை.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, மூன்று மாதம்தான் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனீர்கள். நான்காவது மாதம் நீங்கள் வேலை பார்த்த தொலைபேசி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "அவுகளே எழுதிக் குடுத்துக் கேட்டு வாங்கிட்டுப் போனாக டீச்சர், ஒங்ககிட்ட சொல்லலையா?" என்றார்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் போனதுகூட ஆறிவிட்டது. அந்தப் பொய் ஆறவில்லை.

உங்கள் கட்சி எது, என் கட்சி எது என்று படமே சொல்லட்டும். நீங்கள் அங்கே பாருங்கள், நான் இங்கே பார்க்கிறேன். ஓடிப்போனவன் கதையைக் கிழவர் ஒழுங்காக முடித்திருந்தால், நீங்கள் பள்ளத்தூருக்கு பஸ் ஏறலாம். இல்லையென்றால் இந்தக் கடிதப் போக்குவரத்தோடு நிறுத்திக்கொள்வோம். ஒரே நிபந்தனை, பொய் கூடாது. இதை நான் விளையாட்டாக எழுதவில்லை.

கிறிஸ்டி


சென்னை-5
3.8.1997

அன்பு கிறிஸ்டி,

நேற்றுப் பார்த்தேன். தமிழ் பேசும் பிரதியைத்தான் பார்த்தேன், அங்கே வரப்போவதும் அதுதான்.

முதல் பாதி சொதப்பல், அதை மறைக்க மாட்டேன். ஈரப்பய ரப்பர் பொம்மை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மேன்ஷனில் எல்லோரும் கிழவரைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் முடிவுக்குச் சற்று முன்னால் அந்த விஞ்ஞானி வயதாகித் திரும்பி வருகிறான். மனைவி இருந்த அறை உள்ளே தாழிட்டிருக்கிறது. அவன் கதவை உடைக்கவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்து, ஏன் ஓடினேன் என்று கதவைப் பார்த்துப் பத்து நிமிடம் சொல்கிறான். பின்னணி இசைகூட இல்லை. அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். நான் அழுதேன்.

அவனைப் பார்த்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளை இறந்துபோன பிறகும், தொட்டில் கட்ட நான் உத்தரத்தில் அடித்த கொக்கி அங்கேயே இருந்தது. கழற்றுங்கள் என்று நீ சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. எனக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றக் கை வரவில்லை. அதன் கீழே படுத்து விட்டத்தைப் பார்த்தே எட்டு மாதம் கழித்தேன். முடியாமல்தான் மாற்றல் கேட்டு எழுதினேன். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல், உத்தரவு வந்தது என்று பொய் சொன்னேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை.

அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு எழுது. பெட்டி கட்டி வைத்திருக்கிறேன்.

உன் பிரகாஷ்


பள்ளத்தூர்
21.9.1997

லூர்து பிரகாஷ் அவர்களுக்கு,

நேற்று காரைக்குடியில் முதல் ஆட்டம் பார்த்தேன். சொர்ணவல்லி டீச்சர் துணைக்கு வந்தார். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த ஒரு காட்சிக்காகத்தான் காத்திருந்தேன். ஆள் கூப்பிட்டு அந்தக் கொக்கியையும் கழற்றிவிட்டேன். நேற்று நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். வெட்கமாக இருக்கிறது.

அப்படி ஒரு காட்சியே இல்லை. விஞ்ஞானி கப்பலில் வந்து இறங்குகிறான், உடனே ஈரப்பய துரத்துகிறான், கப்பல் வெடிக்கிறது, வணக்கம் போட்டுவிட்டார்கள். கதவும் இல்லை, தரையில் உட்கார்ந்தவனும் இல்லை. சொர்ணவல்லியிடமும் கேட்டேன். "என்ன கதவு டீச்சர், எந்தக் கதவச் சொல்றீக?" என்றார்.

ரீல் விடுவதற்கும் ஓர் அளவு இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய காட்சியை நீங்களே எழுதி, கிழவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். நான் ஆசையில் காட்சி இருந்ததா இல்லையா என்றே பார்க்க மாட்டேன் என்று நினைத்தீர்களா? அப்படியென்றால் அந்தக் கொக்கிக் கதையும் இதே ரகம்தானே. எதை வேண்டுமானாலும் வைத்துப் பொய் சொல்லியிருக்கலாம், நம் பிள்ளையை விட்டிருக்கலாம்.

கட்டிய பெட்டியை அவிழ்த்துவிடுங்கள். வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

கிறிஸ்டி


சென்னை-5
30.9.1997

அன்பு கிறிஸ்டி,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றுதான், இதோடு முடிந்தது.

நான் அந்தக் காட்சியைப் பார்த்தேன். உனக்கு ஏன் அது வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. பைபிள் மேல் கை வைத்துச் சொல்லலாம். ஒருமுறை பொய் சொன்னவன் கை அங்கே இருந்து என்ன பயன்? உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாகத் தேடிக்கொண்டது.

வடகிழக்கு மாநிலங்களுக்குப் போக அலுவலகத்தில் ஆள் கேட்டார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை உத்தரவு இல்லை, நானாகக் கேட்டு வாங்கியது. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. தினமும் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க இனி என்னால் ஆகாது.

பிரகாஷ்


மரியே வாழ்க
பள்ளத்தூர்
18.1.1998

என் அன்புள்ள உங்களுக்கு,

அக்டோபர் கடைசியில், ஜெசி என்ற மாணவியின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அவள் அப்பா மரியப்பன் வந்தார். காரைக்குடியில் தியேட்டர் ஆபரேட்டராக இருக்கிறாராம். 'ஈரக்கோள்' பார்த்தேன் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். எந்த ஆட்டம் என்று கேட்டார். முதல் ஆட்டம் என்றேன், சிரித்தார்.

"அது நீளப் படம் டீச்சர். முழுசா ஓட்டுனா ஒன்பதே கால் பஸ் போயிரும். பெறகு பள்ளத்தூர், கானாடுகாத்தான் சனமெல்லாம் எங்குட்டுப் போகும்? அதனால மொத ஆட்டத்துக்கு மட்டும் ஒரு ரீல விட்டுருவோம். சண்ட உள்ள ரீல எடுத்தா சீட்டக் கிழிச்சுப்புடுவாக. ஒரு கெழவன் கதவுகிட்ட ஒக்காந்து பேசிக்கிட்டே இருப்பான் பாருங்க, அத எடுத்துட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாக."

ரீல் விட்டது நீங்கள் இல்லை. பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். "ஏன் டீச்சர், நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?" என்று அந்த மனிதர் பதறிப்போனார். அவர் எங்கள் ஊர் ஆட்கள் நடந்து வரக் கூடாது என்று செய்த காரியம் இது. யாரைப் போய்க் குறை சொல்வேன்?

அன்றே மன்னிப்புக் கேட்டு உங்களுக்கு எழுதினேன். மேன்ஷனைக் காலி செய்துவிட்டதாகச் சொல்லிக் கடிதம் திரும்பி வந்தது. உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். பொங்கலுக்கு முந்தின நாள் இரண்டு வரியில் பதில் வந்தது. போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதமே வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களாம். முகவரி எதுவும் தரவில்லையாம்.

ஆறு வருடம் உங்களைப் பொய்க்காரர் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் உண்மையை எழுதிய அன்று எனக்கு அதை நம்பத் தெரியவில்லை. பிள்ளையை வைத்துப் பொய் சொன்னீர்கள் என்று எழுதினேனே, அந்தக் கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

படம் நவம்பரில் திருப்பத்தூரில் ஓடியது. லீவு போட்டுவிட்டுப் போய்ப் பகல் காட்சி பார்த்தேன். முழுப் படம். நீங்கள் எழுதியபடியே எல்லாம் இருந்தது. கதவு, தரை, அந்தப் பத்து நிமிடப் பேச்சு. ஆனால் அந்த ரீல் அதோடு முடியவில்லை. கதவுக்கு உள்ளே காட்டுகிறார்கள். அவள் உயிரோடு இருக்கிறாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி அவன் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் திறக்கும்போது அவன் எழுந்து போய்விட்டிருக்கிறான்.

இந்த இடத்தை மட்டும் நீங்கள் எனக்கு எழுதவில்லை. இந்தக் கடிதத்துக்கு நான் உறை வாங்கவில்லை.

உங்கள் கிறிஸ்டி