சரியா என்றால் இரண்டு தட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், கூடுதலாக நான் இப்போது ஒழுங்காக மூச்சும் விடுகிறேன். அங்கே நீயும் உன் அறைத்தோழியும் நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, படிக்கப் போன இடத்தில் படிக்கவும் செய்கிறீர்கள் என்று நம்புகிறேன். மெசேஜில் ‘ம்’ என்று ஒரே எழுத்தில் பதில் போடுகிற ஆள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாரே என்று பார்க்காதே. அம்மா உன்னிடம் போனில் விஷயத்தைப் பாதி சொல்லி, மீதியை அழுது தீர்த்துவிட்டு வைத்துவிட்டாளாம். நான் போனில் சொன்னால் நீ வரிக்கு வரி குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது, அதனால்தான் இது.

நடந்தது இதுதான். பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்றில் லிஃப்டுக்கு ரோலர் மாற்றும் வேலை. நான் லிஃப்ட் கூண்டின் கூரைமேல், நெட்டை உச்சியில் மோட்டார் அறையில். நெட்டையைத் தெரியும்தானே, நம் வீட்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டே உள்ளே வருவானே, அவன்தான். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவன் சுவிட்சைத் தொடும் முன் சரியா என்று கேட்கவேண்டும், கீழே இருப்பவன் சரி என்று குரல் கொடுக்கவேண்டும். இரைச்சலில் குரல் கேட்காதென்றால் ஸ்பேனரால் லிஃப்ட் ஓடுகிற தண்டவாளத்தில் இரண்டு தட்டு. பதில் வரவில்லையென்றால் முதலாளியே வந்து கத்தினாலும் மேலே இருப்பவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அன்றைக்கு அவன் கேட்டிருக்கிறான், பதில் இல்லை. மறுபடி கேட்டிருக்கிறான், கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்திருக்கிறது. பேரிங் போய்விட்டது போலிருக்கிறது என்று மோட்டாரில் காதை வைத்துப் பார்த்திருக்கிறான். மோட்டார் ஓடவே இல்லை என்பது அப்புறம்தான் மண்டையில் ஏறியிருக்கிறது. படியிறங்கி வந்து கதவைத் திறந்து பார்த்தால், நான் கூரைமேல் உட்கார்ந்தபடி, கையில் ஸ்பேனரோடு, வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறேன். பட்டப்பகலில். ஒரு கால் விளிம்புக்கு வெளியே தொங்குகிறது. அவன் கேட்காமல் சுவிட்சைத் தட்டியிருந்தால் அந்தக் காலோடு போயிருக்காது. அம்மா அழுதது இதற்குத்தான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, ஏனென்றால் நெட்டை நேராகப் போய் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டான். கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிறாயே, நீயெல்லாம் மனுஷனாடா என்றேன். மனுஷன்தாண்ணே, இல்லேன்னா உங்க பொண்ணுக்கு போன் பண்ணி என்ன சொல்றதுன்னு நீங்களே சொல்லிக் குடுங்க, அப்படியே சொல்லிடறேன் என்றான்.

டாக்டர் கையெழுத்துப் போடும்வரை லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் கால் வைக்கக்கூடாது, புகார் வாங்கும் போனில் உட்கார் என்று சொல்லிவிட்டார் சூப்பர்வைசர். ஐம்பதுகூட ஆகாத ஆள், இறங்கி வேலை செய்வதைத் தவிர வேறெதுவும் தெரியாதவன், என்னைப் போனில் உட்கார வைத்தால் எப்படியிருக்கும். லிஃப்டில் நாற்றம் அடிக்கிறது என்று ஒரு அம்மா கூப்பிட்டார். லிஃப்ட் அதுவாக நாறாது, உள்ளே வருகிறவர்களைக் குளிக்கச் சொல்லுங்கள் என்றேன். அதற்கும் ஒரு புகார் வந்தது, அதையும் நான்தான் எடுத்தேன். இதிலேயே காலம் தள்ள வேண்டிவருமோ என்ற பயத்தில்தான் டாக்டரிடம் ஓடினேன், உடம்பைப் பற்றிய கவலையில் இல்லை. ஒரு ராத்திரி உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். தூங்கும்போது தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நிற்கிறதாம், மூளை பதறி எழுப்புகிறதாம், மறுபடி மூடுகிறதாம், விடியும்வரை இதே வேலை. அதற்கு மருந்து ஒரு மெஷின், ஒரு குழாய், மூக்கில் மாட்ட ஒரு மாஸ்க். காற்றை அழுத்தி அனுப்பினால் தொண்டை மூடாது. காற்று, அழுத்தம், குழாய், இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நினைத்தேன் பார், அங்கேதான் சறுக்கல். முதல் ராத்திரி ஓரத்தில் புஸ்ஸென்று கசிந்து காற்று கண்ணுக்குள் அடித்தது. கசிந்தால் என்ன செய்வோம், இறுக்குவோம். இறுக்கினேன். இன்னும் கசிந்தது, இன்னும் இறுக்கினேன். காலையில் கன்னத்தில் வாய்க்கால் வெட்டின மாதிரி கோடு, மாஸ்க் கட்டிலுக்கு அடியில். தூக்கத்தில் நானே பிடுங்கி எறிந்திருக்கிறேன். விடுவேனா, பகலில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மாஸ்க்கை மாட்டி, மெஷினை ஓடவிட்டு, காற்றுக் குழாயில் ஓட்டை தேடுவது போலச் சுற்றிலும் சோப்பு நுரை தடவினேன். குமிழி வந்தது, மூக்குக்குள்ளும் வந்தது, தும்மினேன். மாஸ்க்குக்குள் தும்மினால் என்ன ஆகும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடிக்க, குழாயை மட்டும் கழற்றிவிட்டு அதே கோலத்தில் போய்க் கதவைத் திறந்தேன். பார்சல் கொண்டுவந்தவர் ஒரு எட்டுப் பின்வாங்கி, கையெழுத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கீழே வைத்துவிட்டுப் போயே போய்விட்டார். நீ அனுப்பிய காலுறைதான், அளவு சரியாக இருக்கிறது.

மெஷின் கொடுத்த இடத்தில் ஒரு பெண், உன்னைவிட நாலைந்து வயசு பெரியவளாக இருப்பாள், வாய் என்னைவிட நீளம். என் கன்னத்தைப் பார்த்ததும் சார் என்ன வேலை பாக்கறீங்க என்றாள். லிஃப்ட் மெக்கானிக் என்றேன். அதானே பாத்தேன், இது மூஞ்சி சார், நட்டு போல்ட் இல்லை என்று சொல்லிப் படுக்கவைத்து, காற்றை ஓடவிட்டு, பட்டையைத் தளர்த்திக்கொண்டே போனாள். கசிவு நின்றுவிட்டது. ஓரத்து ரப்பர் காற்றில் கொஞ்சம் உப்பினால்தான் முகத்தில் உட்காருமாம், நான் அதை நசுக்கி வைத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து ஒரு கசிவைத் தளர்த்தி நிறுத்தியது இதுதான் முதல் தடவை.

அம்மா கதை வேறு. நீ போன பிறகு உன் அறையில் தூசி தட்டப் போனவள் அங்கேயே படுக்க ஆரம்பித்துவிட்டாள். என் குறட்டை தாங்காமல் போய் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். டாக்டர் முன்னால் உட்கார்ந்து சொல்கிறாள், குறட்டை கேட்டா நான் தூங்கிடுவேன் டாக்டர், அது நிக்கும் பாருங்க, அதைப் பக்கத்துல படுத்துக் கேக்க எனக்கு தைரியம் இல்லை, மூச்சு வரட்டும்னு அந்த ரூம்லேர்ந்து வந்து இவர் காலை மிதிச்சிட்டுப் போவேன் என்று. காலில் ஏன் வலி என்று நான் கட்டிலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். மாஸ்க் வந்ததும் அவளுக்குப் புதுத் தொல்லை, குறட்டையே இல்லை, ஆள் இருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. என்னங்க என்னங்க என்று அங்கிருந்து கூப்பிடுவாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் உள்ளே போகிற காற்றெல்லாம் வாய்வழியே எருமை பெருமூச்சு விட்ட மாதிரி வெளியே வரும். நான் முறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்த நாளிலும் விடாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நெட்டைதான் வழி சொன்னான். அக்கா, நீங்க சரியான்னு கேளுங்க, அண்ணன் கட்டில்ல ரெண்டு தட்டு தட்டட்டும், பழகின கைதானே என்றான். அப்படியே செய்தோம். அவள் கேட்பாள், நான் தட்டுவேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பாள், மறுபடி தட்டுவேன். இப்படியானால் நான் எப்போதடி தூங்குவது என்று காலையில் கத்துவேன்.

போன வாரம் ஒரு ராத்திரி கேட்டிருக்கிறாள், தட்டு வரவில்லை. மறுபடி கேட்டிருக்கிறாள், இல்லை. பதறியடித்து ஓடிவந்து விளக்கைப் போட்டிருக்கிறாள். மாஸ்க் கோணாமல் இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, விளக்கு போட்டதுகூடத் தெரியாமல் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குகிறேன். அவள் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரம் தன் பழைய இடத்தில் படுத்திருக்கிறாள். விடிந்து பார்த்தால் போர்வை முழுக்க அவளிடம், சத்தமாகக் குறட்டை விடுகிறாள். எங்கள் வேலையில் பதில் வராவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும். பதில் வரவில்லை என்பதற்காக ஒருத்தி நிம்மதியாகப் படுத்துத் தூங்கியதை இங்கேதான் பார்க்கிறேன்.

மெஷின் காட்டுகிற கணக்கைப் பார்த்து டாக்டர் நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை ஷாஃப்டில் இறங்குகிறேன், மேலே நெட்டை. அவனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. நம் வீட்டு நிலைப்படியில் அவன் தலை இடிக்கும் இடத்தில் தடியாகப் பஞ்சு வைத்து ஒட்டியிருக்கிறேன், புரிந்துகொண்டான். இனி உன் விஷயம். நீ ராத்திரி தூக்கத்தில் லாரி ஓட்டுகிறாய் என்று உன் தோழி அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாளாம், நீ அவள் புளுகுகிறாள் என்கிறாயாம். நானும் கல்யாணமான நாளாக அப்படித்தான் சொல்லிவந்தேன். அந்தச் சத்தம் நின்று நின்று வருகிறதா என்று வெட்கப்படாமல் அவளையே கேள். ஆமென்றால் அடுத்த வேலை டாக்டர். என் கோபம் உனக்கு வந்த மாதிரி என் தொண்டையும் வந்திருக்கும்.

நன்றாகத் தூங்கி, தெளிவாக எழுந்து, நினைத்ததை முடிக்க உனக்கு எங்கள் இருவர் ஆசியும் என்றும் உண்டு. டாக்டரைப் பார்த்ததும் பதில் எழுது, ‘ம்’ என்று மட்டும் போடாதே, அது என் உரிமை. லீவுக்கு எப்போது வேண்டுமானாலும் வா. உன் அறை காலியாகிவிட்டது, தூசியும் தட்டியாயிற்று.

இப்படிக்கு,
கன்னத்தில் கோடு மறைந்துவரும்
உன் அப்பா